பின்னால் பாய மறுக்கும் உடம்பு

வாசகர் கேள்வி – பதில்

போட்டி விளையாட்டான சியர்லீடிங் பயிலும் பிள்ளைகளுக்கு, டம்ப்ளிங்கில் (தரையில் பாய்ந்து கரணம் அடிக்கும் பகுதியில்) வரும் ‘மென்ட்டல் ப்ளாக்’, அதாவது நன்றாகத் தெரிந்த அசைவைத் திடீரென்று செய்ய முடியாமல் போகும் மனத்தடை பற்றி அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்து தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. அவற்றில் சிலவற்றுக்கு ஒரு டம்ப்ளிங் பயிற்சியாளரும் ஒரு விளையாட்டு உளவியல் ஆலோசகரும் சேர்ந்து இங்கே பதில் தருகிறார்கள்.

என் மகளுக்கு 12 வயது. இரண்டு வருடமாக பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் (பின்னால் பாய்ந்து கையை ஊன்றிக் காலில் இறங்கும் கரணம்) செய்து வருகிறாள். இப்போது லெவல் 3 (ஆறு நிலைகளில் மூன்றாவது) அணி. போன மாதத்திலிருந்து கையை வீசுகிறாள், முழங்காலை மடிக்கிறாள், அப்படியே நின்றுவிடுகிறாள். விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. “போகணும்னுதாம்மா நினைக்கிறேன், உடம்பு போகமாட்டேங்குது” என்று அழுகிறாள். நடிக்கிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது.
– ஒரு தாய், ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

நடிக்கவில்லை. நடப்பதை அவள் மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறாள். திறமை எங்கும் போய்விடவில்லை. அதைத் தொடங்கிவைக்கும் கட்டளைதான் கடைசி நொடியில் நிறுத்தப்படுகிறது.

நன்றாகப் பழகிய அசைவு கவனம் கேட்காமல் தானாக ஓடும். பழகிய மாடிப்படியில் இறங்கும்போது ஒவ்வொரு காலையும் எங்கே வைக்கிறோம் என்று யோசிக்க ஆரம்பித்தால் தடுக்குகிறதல்லவா, அதேபோல ‘முழங்கை மடங்குமோ, தலை இடிக்குமோ’ என்று உள்ளே பார்க்கத் தொடங்கியதும் பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங்கின் கோர்வை அறுந்துவிடும். அதிலும் இது பின்பக்கமாகப் பாய்வது. கை தரையைத் தொடும் நேரம் வரை போகுமிடம் கண்ணுக்குத் தெரியாது. ப்ளாக் பெரும்பாலும் பின்நோக்கிய அசைவுகளில் வருவதற்கு இதுவே காரணம்.

12 வயதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெண் குழந்தைகள் மிக வேகமாக உயரும் காலம் ஏறத்தாழ 11, 12 வயது. கை கால் நீண்டு, உடலின் எடை மையம் இடம் மாறுகிறது. மூளை வைத்திருக்கும் கணக்கோ பழைய உடம்புக்கானது. ஒன்றிரண்டு முறை ‘ஏதோ சரியில்லை’ என்று உடம்புக்குத் தோன்றினாலே போதும், விழாமலேயே பயம் உட்கார்ந்துவிடும். கடந்த ஆறு மாதத்தில் அவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று அளந்து பாருங்கள். பயிற்சியாளரிடமும் அதைச் சொல்லுங்கள்.

ஒருமுறை நின்றவள் ஏன் திரும்பத் திரும்ப நிற்கிறாள் என்றால், நின்றதும் கிடைக்கும் நிம்மதியால்தான். ‘போகாமல் இருந்ததால் தப்பித்தோம்’ என்று மூளை ஒவ்வொரு முறையும் கற்றுக்கொள்கிறது. ஆகவே ஒரே இடத்தில் நின்றுகொண்டு இருபது முறை கை வீசி இருபது முறை நிற்பது, நிற்பதற்கான பயிற்சியாகவே முடியும். “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்று கூட்டத்துக்கு முன்னால் நிறுத்திவைக்கும் பயிற்சியாளர் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார், ஆனால் ப்ளாக் அதில்தான் கெட்டிப்படுகிறது.

ஒன்றை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கையை ஊன்றும்போது மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் வலிக்கிறதா? வளரும் பிள்ளைகளுக்கு அங்கே எலும்பின் வளர்ச்சித் தட்டில் அழுத்தக் காயம் வரும். அணியை விட்டு எடுத்துவிடுவார்களோ என்று வலியைச் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. வலி இருந்தால் முதலில் போகவேண்டிய இடம் மருத்துவரிடம்.

ப்ளாக் என்று எல்லோரும் பெயர் சொல்கிறார்களே தவிர, ஜிம்முக்குப் போனதும் என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. படிப்படியாகச் சொல்லுங்கள். மகளுக்கு நின்றபடி செய்யும் பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங்தான் போய்விட்டது.
– ஒரு தந்தை, எடிசன், நியூ ஜெர்சி

அடிப்படை விதி இதுதான்: ‘நிச்சயம் போவேன்’ என்று பிள்ளை சொல்லும் நிலை வரை இறங்கி வரவேண்டும், அங்கிருந்து ஏறவேண்டும். அந்த நிலை எவ்வளவு கீழே இருந்தாலும் சரி.

பயத்துக்கு 0 முதல் 10 வரை எண் கொடுக்கச் சொல்லுங்கள். 0 என்றால் தூக்கத்தில்கூடச் செய்வேன், 10 என்றால் கால் மரத்துப்போகிறது. பிறகு ஒரு தாளில் ஏணி வரையுங்கள். நின்றபடி செய்யும் பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங்குக்கு நாங்கள் போடும் ஏணி இது.

அடிப்படியில், இடுப்பு உயரத்துக்கு அடுக்கிய தடித்த மெத்தைக்கு முதுகைக் காட்டி நின்று, நாற்காலியில் உட்கார்வதுபோல உட்கார்ந்து, கையை மேலே வீசிப் பின்னால் குதித்து முதுகு படிய விழுவது. கை ஊன்றத் தேவையில்லை, தலைகீழாகவும் போகத் தேவையில்லை. அடுத்தது பீப்பாய் வடிவ உருளையின் மேல் பின்னால் சாய்ந்து, பயிற்சியாளர் மெல்ல உருட்ட, கையை ஊன்றிக் காலைக் கடத்துவது. அதற்கடுத்தது சீஸ் மேட் என்கிற சரிவான மெத்தையின் மேட்டில் நின்று இறக்கத்தை நோக்கிப் பாய்வது. சரிவு இருப்பதால் உடம்பு சுலபமாகச் சுழலும். பிறகு டம்பிள் டிராக் என்கிற நீளமான டிராம்போலினில் பயிற்சியாளரின் இரண்டு கையோடு. அதே இடத்தில் ஒரு கையோடு. அதே இடத்தில் தனியாக. அப்புறம் ஸ்பிரிங் ஃப்ளோரில் (அடியில் ஸ்பிரிங் வைத்த தளத்தில்) 8 அங்குல மெத்தை விரித்து, பிறகு 4 அங்குலம், பிறகு மடக்கு மெத்தை, கடைசியாக வெறும் தளம். பள்ளி அணியில் மரத்தரையிலும் புல்தரையிலும் செய்யவேண்டியிருந்தால் அவை இதற்கும் மேலே தனிப் படிகள். ஸ்பிரிங் ஃப்ளோரில் வந்துவிட்டதே என்று நேரே புல்லுக்குப் போகாதீர்கள்.

பிள்ளை 3 அல்லது 4 என்று சொல்லும் படியில் வேலையைத் தொடங்குங்கள். 6-க்கு மேல் சொல்லும் படியை அன்று தொடவே வேண்டாம். ஒரு படியில் ஐந்துக்கு ஐந்து முறை தயங்காமல் போய், எண் 2-க்கு இறங்கி, அதுவே இன்னொரு நாளும் நடந்தால் அடுத்த படி. ஒரே படியில் இரண்டு முறை நின்றுவிட்டால் மூன்றாவது முயற்சி கூடாது. உடனே ஒரு படி இறங்கி, அங்கே மூன்று நல்ல பாய்ச்சலைச் செய்து அன்றைய வேலையை முடித்துவிடுங்கள். இதற்கு 10, 15 நிமிடத்துக்கு மேல் ஒதுக்கவேண்டாம். பயிற்சியின் தொடக்கத்தில், உடம்பு சூடேறியதும், களைப்பு வருவதற்கு முன் செய்யுங்கள். இரவு எட்டரை மணிக்குக் கால் தளர்ந்த நேரத்தில் செய்யும் முயற்சி பயன் தராது.

‘போகிறேன்’, ‘இல்லை’ என்ற முடிவைக் கையை வீசுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லவேண்டும். ‘இல்லை’ என்றால் யாரும் முகம் சுளிக்கக்கூடாது. ‘போகிறேன்’ என்றால் மூன்று நொடிக்குள் பாயவேண்டும், அதற்குமேல் நின்றால் யோசனை சேர்ந்துகொள்ளும். கையை வீசிவிட்டு மனதை மாற்றுவதுதான் டம்ப்ளிங்கில் மிக ஆபத்தான செயல். அரைமனதோடு கிளம்பும் உடம்பு பின்னால் போகாமல் மேலே எழும்பும், தலை முந்திக்கொண்டு பின்னால் சாயும், முழங்கை மடங்கும், தலையோ கழுத்தோ தரையில் மோதும். பயத்தால் நுட்பம் கெட்டு, கெட்ட நுட்பத்தால் உண்மையிலேயே விழுந்து, ‘பார்த்தாயா, பயந்தது சரிதான்’ என்று உடம்பு முடிவுகட்டிவிடும்.

பாய்வதற்கு முன் செய்யும் செயல்கள் ஒவ்வொரு முறையும் மாறாமல் இருக்கட்டும். பாதத்தைச் சேர்த்து நிற்பது, ஒரு நீண்ட மூச்சை வெளியே விடுவது, ஒரே ஒரு சொல், பாய்ச்சல். அந்தச் சொல் ‘சிட்’ ஆகவோ ‘புஷ்’ ஆகவோ இருக்கலாம், ஆனால் ஒன்றுதான். “இறுக்கமா இரு, தலையை உள்ளே வை, முழங்காலைப் பார்” என்று மூன்று திருத்தங்களை ஒரே மூச்சில் சொன்னால் கவனம் மறுபடி உடம்புக்குள் போய்விடும். கவனத்தை வெளியே வைப்பதற்கு ஒரு சின்ன வழி: குதிகாலுக்குப் பின்னால், அவள் கை வழக்கமாக ஊன்றும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, “கையால் அந்தக் கோட்டைப் பிடி” என்று மட்டும் சொல்லுங்கள். உட்காராமல் மேலே குதிப்பவள்கூட இதில் தானாகவே பின்னால் நீண்டு போவாள்.

வீட்டில் ஐந்து நிமிடம் கண்ணை மூடி அந்த அசைவை மனதில் ஓட்டிப் பார்க்கலாம். வெளியிலிருந்து வீடியோ பார்ப்பதுபோல அல்லாமல் தன் கண்ணாலேயே, மெதுவாக்காமல், உண்மையான வேகத்தில் பார்க்கவேண்டும். மனக்காட்சியிலும் நின்றுவிட்டாலோ விழுந்துவிட்டாலோ, பயமில்லாத ஒரு படிக்கு இறங்கி அதை ஓட்டவேண்டும்.

எத்தனை நாள் என்று கேட்பீர்கள். சிலருக்குச் சில வாரம், சிலருக்கு ஒரு சீசன் முழுக்க. நடுவில் இரண்டு படி சறுக்குவதும் உண்டு, அது தோல்வி அல்ல.

இவ்வளவு கஷ்டமான விளையாட்டா இது? ஐ.பி.எல். போட்டியில் பவுண்டரி அடித்தால் ஆடுவார்களே, அவர்கள்தானே சியர்லீடர்ஸ்?
– ஒரு வாசகர், சென்னை

பெயர் ஒன்று, வேலை வேறு. ஐ.பி.எல். மேடையில் 2008 முதல் நாம் பார்ப்பது நடனம். இங்கே பேசுவது போட்டி சியர்லீடிங். அமெரிக்க ஆல்-ஸ்டார் (தனியார் ஜிம் அணிகளின்) போட்டிகளில் 54 அடிக்கு 42 அடி ஸ்பிரிங் தளத்தில், இரண்டரை நிமிடத்துக்குள், ஆளைத் தூக்கி எறிந்து பிடிப்பது, மனிதக் கோபுரம், குதிப்பு, நடனம், டம்ப்ளிங் எல்லாம் செய்யவேண்டும். லெவல் 1-இல் உருளுதலும் கார்ட்வீலும், லெவல் 2-இல் பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங், லெவல் 3-இல் ஓடிவந்து டக் (காற்றில் உடம்பைச் சுருட்டிப் போடும் கரணம்), லெவல் 4-இல் லேஅவுட் (உடம்பை நேராக நீட்டிப் போடும் கரணம்), லெவல் 5-இல் ஒரு முழுத் திருகு, லெவல் 6-இல் இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். சர்வதேச சியர் சம்மேளனத்துக்கு ஒலிம்பிக் கமிட்டி 2021 ஜூலையில் முழு அங்கீகாரம் தந்தது.

எனக்கு 15 வயது. கோச் பக்கத்தில் நின்றால் போதும், தொடவே வேண்டாம், ரவுண்ட்ஆஃப் (கார்ட்வீல் போலப் பாய்ந்து இரண்டு காலும் சேர்த்து இறங்குவது) – ஹேண்ட்ஸ்ப்ரிங் – டக் அழகாக வந்துவிடும். அவர் நகர்ந்துவிட்டால் ரவுண்ட்ஆஃபோடு நின்றுவிடுகிறேன். “நான் ஒண்ணுமே செய்யலையே, நீயேதானே செய்யிறே” என்கிறார். அது எனக்கும் தெரியும். ஆனாலும் முடியவில்லை.
– ஒரு மாணவி, மார்க்கம், கனடா

உனக்குத் தெரிவதும் உன் உடம்பு நம்புவதும் வேறு வேறு. கோச் நிற்பதை உன் உடம்பு பாதுகாப்புக்கான அடையாளமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. “நீயேதான் செய்கிறாய்” என்று நூறு முறை சொன்னாலும் அது விடாது. அந்த அடையாளத்தை மிகச் சிறுகச் சிறுகத் தேய்க்கவேண்டும்.

கோச்சிடம் இப்படிக் கேட்டுப் பார். முதல் நாள் அவர் வழக்கமான இடத்தில் கையை நீட்டி நிற்கட்டும். அடுத்து, கையைக் கட்டிக்கொண்டு அதே இடத்தில். பிறகு ஒரு அடி தள்ளி. பிறகு மூன்று அடி, பிறகு தளத்தின் ஓரம். அதன் பிறகு நிற்காமல் உட்கார்ந்துகொண்டு. பிறகு உனக்கு முதுகைக் காட்டி. கடைசியாக அடுத்த தளத்தில் வேறொருவரைப் பயிற்றுவித்துக்கொண்டு. ஒவ்வொரு மாற்றமும் உனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். பிடிப்பதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நொடியில் கையை எடுப்பது சில ஜிம்களில் வழக்கம். ஒருமுறை அதில் நீ வெற்றிகரமாகப் பாய்ந்தாலும் அடுத்த முறை அவர் கை உண்மையா பொய்யா என்று உடம்பு சந்தேகப்படும். அப்படிச் செய்யமாட்டேன் என்று கோச்சிடம் வாக்கு வாங்கிக்கொள், கேட்பதில் தப்பில்லை.

இடையிடையே ஆளையும் மாற்று. ஒரு நாள் வேறு கோச் நிற்கட்டும், ஒரு நாள் அவருக்குப் பதில் அங்கே ஒரு மெத்தை இருக்கட்டும். ஒரே ஆள், ஒரே தளம், ஒரே மூலை என்று பழகினால் அந்த மூலையிலேயே அடைபட்டுவிடுவாய்.

ரவுண்ட்ஆஃபோடு நிற்கிறாய் என்கிறாய். நிற்கும்போது எப்படி நிற்கிறாய் என்பது முக்கியம். கையைக் காதோடு ஒட்டி நேராக மேலே எழும்பி இறங்கினால் அது பாதுகாப்பான நிறுத்தம், அதையே ஒரு தனிப் பயிற்சியாக ஐந்து முறை செய். அப்போது ‘நிற்பது’ என்பது நீயே எடுத்த முடிவாகிறது. பின்னால் பாயத் தொடங்கிப் பக்கவாட்டில் திரும்பி விழுவதாக இருந்தால் டக்கை இப்போதைக்கு விட்டுவிட்டு, ரவுண்ட்ஆஃப் – ஹேண்ட்ஸ்ப்ரிங் மட்டும் டம்பிள் டிராக்கில்.

“இதை மட்டும் திரும்பச் செய்துவிட்டால் புது போன்” என்று மகளிடம் சொன்னோம். அப்படியும் நடக்கவில்லை. காரில் வரும்போது நானும் எவ்வளவோ தைரியம் சொல்கிறேன்.
– ஒரு தாய், சான் ஹோசே

போனைச் செயலோடு கோக்காதீர்கள். ஆசை இல்லாததால் அவள் நிற்கவில்லை, இருக்கும் ஆசைக்கு மேல் பந்தயத்தையும் வைத்தால் பயத்தின் எண்தான் ஏறும். தண்டனைக்கும் இதே பதில். நின்றதற்காகப் புஷ்-அப்பும் ஓட்டமும் கொடுக்கும் ஜிம் என்றால் பயிற்சியாளரிடம் தனியாகப் பேசுங்கள், மாற்றவில்லையென்றால் ஜிம்மை மாற்றுங்கள்.

கார் பயணத்தில் “இன்னிக்கு போனியா?” என்ற கேள்வியை நிறுத்துங்கள். “அந்தப் பொண்ணு நேத்து வந்தவ, அவ பண்றாளே” என்பதையும்தான். நம் வீடுகளில் இது ஊக்கம் என்று நினைத்தே சொல்லப்படுகிறது, பிள்ளை காதில் அவமானமாக விழுகிறது. தைரியம் சொல்வதிலும் ஒரு சிக்கல்: “பயப்படாதே” என்று தினமும் சொன்னால், பயப்படவேண்டிய ஏதோ இருக்கிறது என்பது தினமும் நினைவூட்டப்படுகிறது. சாப்பிட என்ன வேண்டும் என்று கேளுங்கள், பாட்டு போடுங்கள். அவளாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். ஜிம்மில் பெற்றோர் பார்க்கும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று போனில் வீடியோ எடுப்பதையும் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள்.

என் மகன் டக் செய்யும்போது தலையில் அடிபட்டு விழுந்தான். மூன்று வாரம் ஓய்வுக்குப் பிறகு போனால், பின்னோக்கிய எதையும் செய்ய மறுக்கிறான். இதுவும் ப்ளாக்தானா?
– ஒரு தந்தை, அட்லாண்டா

ப்ளாக் என்று முடிவு கட்டுவதற்கு முன் மருத்துவர் பார்க்கவேண்டும். தலை காயத்துக்குப் பின் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சம் கூசுவது, தலையைத் திருப்பினால் தடுமாறுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் அவன் மறுப்பது சரியான மறுப்பு. உள்காதின் சமநிலை உணர்வு கலைந்திருந்தால் காற்றில் எது மேல், எது கீழ் என்று தெரியாது. விளையாட்டுக்குத் திரும்புவதற்கும் படிகள் உண்டு. லேசான உடற்பயிற்சியில் தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட்டு, அறிகுறி திரும்பினால் இறங்கி வரவேண்டும். தலைகீழாகும் அசைவுகள் மருத்துவரின் எழுத்துபூர்வமான அனுமதிக்குப் பிறகே. பள்ளி விளையாட்டில் மருத்துவ அனுமதியைச் சட்டமே வலியுறுத்துகிறது. தனியார் ஜிம்மில் கேட்காவிட்டாலும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

எல்லாம் தெளிந்த பிறகும் மறுத்தால் மேலே சொன்ன ஏணிதான். ஆனால் விழுந்த காட்சி தூக்கத்தில் வருகிறது, ஜிம் வாசலிலேயே நடுங்குகிறான் என்றால் பயிற்சியாளரால் மட்டும் ஆகாது, குழந்தைகள் உளவியலாளரின் உதவி தேவை.

ஒரு வருடமாக ஃபுல் (ஒரு முழுத் திருகோடு லேஅவுட்) செய்த பெண், இப்போது நேரான லேஅவுட் செய்யப் போனாலும் தானாகத் திருகிக்கொள்கிறாள். காற்றில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை என்கிறாள்.
– ஒரு பயிற்சியாளர், சிகாகோ

போகாமல் நிற்பதை விட இது அவசரமானது. இன்றே கடினமான தளத்தில் திருகும் எல்லா அசைவையும் நிறுத்துங்கள். 2021 ஜூலை 27 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸுக்கு நேர்ந்தது இதுதான். வால்ட்டில் (ஓடிவந்து மேசையில் கை ஊன்றிப் பாயும் போட்டியில்) இரண்டரைத் திருகு போகவேண்டியவர் ஒன்றரையில் காற்றில் வழி தவறி இறங்கினார், அணி இறுதிப் போட்டியிலிருந்து விலகினார். உலகின் மிகச் சிறந்த வீராங்கனைக்கே வருகிறது என்றால் இது தைரியக் குறைவு அல்ல. ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 3 அன்று பீம் (ஒடுக்கமான சமநிலைக் கட்டை) போட்டியில் கலந்துகொண்டார். வழக்கமான திருகல் இறக்கத்தை விட்டு, திருகே இல்லாத டபுள் பைக்கோடு (இடுப்பில் மடிந்து போடும் இரட்டைக் கரணத்தோடு) முடித்து வெண்கலம் வென்றார். 2024-இல் பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும். திருகை விட்டுக்கொடுத்ததால் அவர் எதையும் இழக்கவில்லை.

உங்கள் மாணவிக்கு டிராம்போலினில் நேராகக் குதிப்பதிலிருந்து தொடங்குங்கள். குதித்துக் கால்வட்டத் திருப்பம், அரைவட்டத் திருப்பம், ஒவ்வொன்றிலும் இறங்கும்போது சுவரில் ஒட்டிய ஒரு குறியைப் பார்த்து அதன் நிறத்தைச் சொல்லவேண்டும். பின்னோக்கிய சுழற்சியை டக்கில் தொடங்குங்கள், உடம்பு சுருண்டிருக்கும்போது திருகு சுலபமாக நுழையாது. அதையும் நுரைக்குழியிலோ தடித்த மெத்தையிலோ. லேஅவுட் பத்துக்குப் பத்து நேராக வரும் வரை அரைத் திருகுகூட வேண்டாம். ஒரு கை முன்கூட்டியே கீழே இறங்குகிறதா என்று மெதுவோட்ட வீடியோவில் பாருங்கள், தானாகத் திருகுவது பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்னும் மூன்று வாரத்தில் போட்டி. எங்கள் மகள் நின்றால் அணியின் மதிப்பெண் போகும். அவளை எடுத்துவிடச் சொல்வதா, முயன்று பார்க்கச் சொல்வதா?
– ஒரு தாய், சார்லட், வட கரோலினா

இரண்டும் வேண்டாம். அணி டம்ப்ளிங்கில் எத்தனை பேர் ஒரு அசைவைச் செய்கிறார்கள் என்பது மதிப்பெண்ணில் கணக்காகும் என்பதால் பயிற்சியாளருக்கும் நெருக்கடி இருக்கும், அதைப் புரிந்துகொண்டே பேசுங்கள். கேட்கவேண்டியது மாற்று அசைவு. பின்நோக்கிப் பாய முடியாதவர்களில் பலர் முன்நோக்கிய அசைவுகளைப் பயமின்றிச் செய்வார்கள். லெவல் 3 என்றால் ஃப்ரண்ட் வாக்ஓவர் (முன்னால் கை ஊன்றி ஒவ்வொரு காலாகக் கடப்பது), ஏரியல் (கை ஊன்றாத கார்ட்வீல்), பஞ்ச் ஃப்ரண்ட் (ஓடிவந்து முன்னால் போடும் கரணம்) இவற்றில் அவளுக்கு ஏற்கெனவே வருவதை வைத்து அவள் பாதையை மாற்றி எழுதலாம். அவளை ஸ்டன்ட்டிலும் (ஆளைத் தூக்கும் பகுதி) பிரமிடிலும் (மனிதக் கோபுரம்) அப்படியே வைத்திருங்கள். அணியில் தன் இடம் உறுதி என்று தெரிந்தால் பயத்தின் எண் இறங்குவதைப் பலமுறை பார்க்கலாம்.

இந்த வாரக் கடைசிக்குள் முடிவெடுத்து, மீதி இரண்டு வாரமும் மாற்று அசைவையே இசையோடு ஒத்திகை பாருங்கள். “அன்றைக்கு மனசு வந்தால் பழையதைச் செய்” என்ற கதவைத் திறந்து வைக்கவேண்டாம், மேடையில் அரை நொடியில் அப்படி முடிவெடுப்பதுதான் காயத்தில் முடியும். போட்டி நாளன்று வார்ம்-அப் தளத்திலும் அவள் மாற்று அசைவை மட்டும் இரண்டு முறை செய்துவிட்டு வரட்டும். ஏணி வேலையைப் போட்டி முடிந்த திங்கட்கிழமை விட்ட படியிலிருந்து, அல்லது அதற்கு ஒரு படி கீழிருந்து, மறுபடி தொடங்கலாம்.